ராணிக்கு எழுதிய வசனம்

எங்கள் குடும்பத்தில் யாரும் விவாகரத்துச் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் தங்கை இராஜம்மாவின் கல்யாணம் முறிந்துபோனதாகக் நாங்கள் இருக்கும் கிள்ளானில் சிலர் இன்றும் பேசுகிறார்கள். முறியவில்லை. செல்லாது என்று தீர்க்கப்பட்டது. முறிய வேண்டுமானால் முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று மேற்றிராணியார், அதாவது ஆயர், கையெழுத்திட்டுச் சொன்ன பிறகு, அதைப் பற்றிப் பேச வெளியாருக்கு உரிமை கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவர் அப்பா. அவருக்குப் பிறகு வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நானும் அதையே சொல்லிவந்தேன். தங்கை என்னோடும் என் மனைவி தங்கமணியோடும்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் 'மிஸ் ராஜம்மா'. ஓய்வு பெற்ற பிறகும் பாசாரில் மீன்காரன் வரை எல்லாருக்கும் அவள் மிஸ்தான்.

சென்ற ஆண்டு ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ஜெயராஜ் வந்தான்.

ஜெயராஜ் எங்கள் அத்தை மகன். அப்பாவின் ஒரே தங்கைக்கு ஒரே பிள்ளை. செல்லாமல் போன அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளையும் அவன்தான். பிறகு வேறிடத்தில் கட்டி, இரண்டு பையன்களைப் பெற்று, அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய், மனைவியும் காலமாகி, இப்போது பண்டமாரானில் தனியாக இருக்கிறான். சாவு வீடுகளில் பார்ப்பேன், தலையாட்டுவேன். அவன் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான்.

கையில் ஒரு வாளி நண்டு. "தங்கச்சி, உசிரோட இருக்கு, பாத்து" என்று தங்கமணியிடம் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான், சுத்தி வளைக்க எனக்கு வராது லா. ராஜம்மாவ எனக்குக் கட்டிக் கொடு."

நான் அவனையே பார்த்தேன்.

"என்ன அப்படிப் பாக்கறே? ஒரு காலத்துல நீயே எனக்குப் பொண்டாட்டியா இருந்தவன். உன்கிட்ட கேக்க எனக்கென்ன வெக்கம்?"

சமையலறையில் தங்கமணி சிரித்தது கேட்டது. அவன் சொன்னதற்கு விளக்கம் தேவை.

அப்பா கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் புக்கிங் கிளார்க். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில்தான் நாங்கள் வளர்ந்தோம். வரிசை வரிசையாக வீடுகள், பின்னால் தண்டவாளம், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மாமரங்கள். எங்கள் வீட்டை 'புக்கிங் கிளார்க் வீடு' என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் பக்கத்து மண்டபத்தில் நாடகம் நடக்கும். புனிதர்கள் கதைதான் வழக்கம். அப்பாவுக்கு அது போதவில்லை. ரயில்வே நூலகத்தில் இருந்த கனமான ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து படித்தவர் அவர். அதிலிருந்து எடுத்து ஒரு நாடகம் எழுதினார்.

பிரான்சு தேசத்து ராஜா லூயி, அக்கித்தேன் நாட்டுக்கு உரிமைக்காரியான எலினோரைக் கட்டுகிறார். வெகு காலம் வாழ்கிறார்கள். பிறந்தது இரண்டும் பெண். ராஜாவுக்கு ஆண் வாரிசு வேண்டும். ராணிக்கோ ராஜாவைப் பார்த்தால் சாமியாரைக் கட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பும் வழியில் பாப்பரசரே இருவரையும் சமாதானப்படுத்தி, தம் வீட்டு விலை உயர்ந்த விரிப்புகளால் கட்டிலை அலங்கரித்துக் கொடுக்கிறார். பலிக்கவில்லை. கடைசியில் ஆயர்கள் கூடி, நாலைந்து தலைமுறைக்கு முன்னால் இருவருக்கும் ஒரே பாட்டன் என்று எடுத்துச் சொல்லி, கல்யாணம் செல்லாது என்கிறார்கள். எல்லாருக்கும் முன்பே தெரிந்த உறவு. வேண்டாம் என்று ஆன பிறகுதான் அது தடையாகத் தெரிந்தது. அந்தக் காலத்து ராஜ வீடுகளில் இது சாதாரணம். ராணி சளைக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் இங்கிலாந்துக்கு ராஜாவாகப் போகிறவரைக் கட்டினாள். அவர் இன்னும் நெருங்கிய சொந்தம்.

நாலைந்து தலைமுறை என்றால் மேடையில் யாருக்கும் புரியாது என்று அப்பா அவர்களை அத்தை மகன், மாமன் மகள் ஆக்கிவிட்டார். ஜெயராஜ் ராஜா. பெண்பிள்ளைகள் மேடை ஏறக்கூடாது என்பது அன்றைய ஒழுங்கு. எனக்கு அப்போது மீசை சரியாக வளரவில்லை. முதுகு நேராக நிற்கும். ஆகவே நான் ராணி. இதில் எனக்கு இன்றுவரை வெட்கம் கிடையாது. ரயில்வே எஞ்சினியர் பங்களாவில் கழித்துக் கொடுத்த பச்சைத் திரைச்சீலைகளைத் தைத்து எனக்குக் கவுன் செய்தார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மேடையோரம் வரை வருவது இராஜம்மாவின் வேலை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்ப்பாள். கட்டில், எஞ்சின் டிரைவர்கள் தங்கும் அறையிலிருந்து இரவல். முதல் வருஷம் பாப்பரசராக நடித்த உபதேசியார் விரிப்பை உதறிப் போட்டபோது கொசுவலைக் கம்பி கழன்று ராஜாவின் தலையில் விழுந்தது. ராஜா சொன்ன வார்த்தை வசனத்தில் இல்லாதது.

ஆனால் எல்லாரும் நினைவில் வைத்திருந்தது அடுத்த காட்சியை. ஆயர் எழுந்து, "நீங்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள் என்பது உண்மையா?" என்று கேட்டார். ஜெயராஜ் தலை குனிந்து, "உண்மை" என்றான். "அப்படியானால் இந்தக் கல்யாணம் செல்லாது!"

கூட்டத்தில் தோசைக்கடைத் தாமரையக்கா எழுந்து நின்றாள்.

"நல்லா இருக்கு லா உங்க கதை! முறைப்பொண்ணக் கட்டியிருக்கான், மாலை போட்டுக் கும்பிடுவீங்களா, பிரிச்சு விடுவீங்களா? யோவ் சாமியாரே, கீழ எறங்கு!"

மண்டபம் முழுக்கக் கைதட்டல். நாடகம் நின்றது. அப்பா திரைக்கு முன்னால் வந்து திருச்சபைச் சட்டத்தை விளக்கிப் பார்த்தார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மறு வருஷம் அப்பா விட்டுக்கொடுத்து, ராஜாவையும் ராணியையும் அண்ணன் தம்பி பிள்ளைகளாக மாற்றினார். "சீ, தங்கச்சியவா கட்டினான்!" என்று ஜெயராஜ் மேல் ஆரஞ்சுத் தோல் பறந்தது, ராஜாவுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. அதற்கடுத்த வருஷம் பழையபடி அத்தை மகன், மாமன் மகள். அதிலிருந்து அந்தக் காட்சியில் ஜனங்கள் கத்துவதும் நாடகத்தில் சேர்ந்துபோயிற்று.

முடிவில் ராணி தனியாக நின்று பேச வேண்டும். இரண்டு பக்க வசனம். நான் பேசும்போது திரைக்குப் பின்னால் அப்பாவும் உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லையும் கூடவே சொல்வார். அந்த முகத்தை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் ரயில்வே பென்சில். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

சில வருஷம் கழித்து இராஜம்மாவுக்கும் ஜெயராஜுக்கும் கல்யாணம் பேசினார்கள். பேசினார்கள் என்பதுகூட மிகை. அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் தட்டுத் தடுமாறிய தமிழில், "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்" என்றார். கோயில் நிறைய ஜனம். அத்தனை பேரும் எங்கள் நாடகத்தைப் பார்த்தவர்கள். அத்தனை பேருக்கும் உறவு தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அது தடை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது பொருத்தம். அப்பாவுக்கும் அப்படித்தான். நாடகத்தில் தாம் எழுதிய சட்டம் பிரான்சு தேசத்து ராஜாக்களுக்கு உரியது என்றே அவர் நினைத்திருந்தார். அத்தை மகனைக் கட்டுவதற்கு முன்கூட்டியே மேற்றிராணியாரிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்கவில்லை.

பிள்ளை இல்லாமல் சில வருஷம் போயிற்று. ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால், நாலு பேர் கேட்க அத்தை சொன்னாள்: "அண்ணே, உங்க மகளைக் கொண்டாந்து விட்டுடறேன். என் மகனுக்கு வேற பாக்கணும்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அன்று மாலையே போய் இராஜம்மாவைக் கூட்டி வந்தார். மறுநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேற்றிராணியார் இல்லத்துக்குப் புறப்பட்டார். ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல நான் கூடப் போனேன். அங்கே அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அவள் என் மகள். அவன் என் தங்கையின் மகன். எங்கள் வழக்கப்படி இது உரிமை. உங்கள் சட்டப்படி இது தடை. எனக்கு இப்போது உங்கள் சட்டம் வேண்டும்."

கிடைத்தது. அரசாங்கப் பதிவை ஒரு வக்கீல் தனியாக முடித்துக் கொடுத்தார். திருப்பி அனுப்பப்பட்ட மகள் எங்கள் வீட்டில் இல்லை. கட்டிப் போகாத மகள்தான் இருந்தாள். அத்தையின் வாயை அதைவிட அழகாக யாராலும் அடைத்திருக்க முடியாது. அப்பா செய்தது தவறு என்று நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். நாடகம் மட்டும் அதோடு நின்றது. பச்சைக் கவுன் பல வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் மலையாக இருந்தது.

ஜெயராஜிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "முடியாது" என்றேன்.

"ஏன்?"

"அப்பா மேற்றிராணியார் முன்னால நின்னு சொன்ன வார்த்தை. இப்ப அனுமதி வாங்கிக் கட்டி வச்சா, அப்பவே வாங்கியிருக்கலாமேன்னு ஊர் கேக்கும். எங்கப்பா வேணும்னே பிரிச்சாருன்னு ஆகும்."

"கேக்கட்டுமே மச்சான். ஒரு பேப்பர் வாங்கிச் சரி பண்ணியிருக்கலாம்னு மாமாவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"உனக்கு? நீ அப்ப வாயத் தொறந்தியா?"

"அம்மா இருந்தாங்க. பயம். ராஜா வேசம் போட்டேனே ஒழிய, ராஜாவா இருந்தேனா?"

இராஜம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவனை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் 'அத்தான்' என்று கூப்பிட்டவள், தீர்ப்பு வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். யார் பேச்சிலாவது அவன் பெயர் வந்தால் 'அவங்க' என்பாள். காப்பியைக் குடித்து முடித்து, தங்கமணியிடம் சொல்லிக்கொண்டு ஜெயராஜ் போய்விட்டான்.

அன்று மதியம் நண்டு. தங்கமணி மிளகு தூக்கலாக வைத்திருந்தாள். ஓடுகளை உடைத்துக்கொண்டிருந்தோம்.

"அவங்க பொண்டாட்டி தவறினப்ப நானும் அண்ணியும் கஞ்சி எடுத்துட்டுப் போனோம்" என்றாள் இராஜம்மா. "அதுக்கப்புறம் கோயில் பாட்டுப் பயிற்சிக்கு அவங்கதான் காரில கொண்டாந்து விடறாங்க. உங்களுக்கு இது தெரியாதா?"

எனக்குத் தெரியாதுதான். தங்கமணி நண்டுக் காலை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசில எதுக்கும்மா?"

"சாயங்காலத்துல பேச ஒரு ஆள் வேணும். எனக்கு அவங்க இருந்தா நல்லாருக்கும். அவ்ளோதான் அண்ணே."

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க எங்க பேசறீங்க? செய்தி பாக்கறீங்க" என்றாள் தங்கமணி.

நான் கையைக் கழுவ எழுந்தேன். இராஜம்மாவின் குரல் நிறுத்தியது. அது அவள் பேசும் தமிழ் இல்லை. மேடைத் தமிழ்.

"'ஆயர்களே! உறவென்று சொல்லி எங்களைப் பிரித்தீர்கள். பிரித்த பின்னும் அவர் என் அத்தை மகனே! சேர்ந்து வாழ உதவாத உறவு, பிரிந்து போக மட்டும் எப்படி உதவியது?'"

என் வசனம். ராணியின் வசனம். ஒரு சொல் பிசகவில்லை. மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்தாள். மேடையோரத் தரையில் உட்கார்ந்திருந்தவள் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் உதடும் அவளோடு சேர்ந்து அசைந்ததைத் தங்கமணி பிறகு சொன்னாள்.

"நாடகத்து ராணிக்கு அப்பா ரெண்டு பக்கம் எழுதினாரு அண்ணே" என்றாள் இராஜம்மா. "என் முறை வந்தப்ப எனக்கு ஒரு வரி கொடுக்கல. நாலு நாளைக்குத்தான்னு சொல்லிப் பையத் தூக்கச் சொன்னாரு. நீ என்ன சொல்றேன்னு ஒருத்தரும் கேக்கல. நான் அப்பாவக் குறை சொல்லல. அவரு என்னைக் காப்பாத்தத்தான் செஞ்சாரு. இப்ப நான் சொல்றேன்: எனக்குக் கட்டிக்கணும்."

"அப்ப கட்டிக்க. என்னை எதுக்குக் கேக்கறே?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில்லதான் நம்ம பழைய பதிவெல்லாம் இருக்கு. அங்க ஃபாதர் விமலன் இருக்காரு. குடும்பத்துல மூத்தவங்க ஒருத்தர் வந்து, என்ன உறவுன்னு வாயால சொல்லணும்னு கேட்டாரு. வேற யாரையாவது கூட்டிட்டுப் போலாம். போக மாட்டேன். அண்ணன் வராத கல்யாணம் எனக்கு வேணாம். நீங்க முடியாதுன்னா நான் மிஸ் ராஜம்மாவாவே இருந்துட்டுப் போறேன்."

"அப்பா சொன்ன வார்த்தை என்ன ஆகறது?"

"அதே வார்த்தையத்தான் அண்ணே நீங்க சொல்லப்போறீங்க. ஒண்ணையும் மாத்த வேணாம்."

அந்த வாரம் முழுவதும் நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. வழக்கம்போல் என் சட்டைகளுக்குப் பித்தான் பார்த்தாள். வழக்கம்போல் 'மிஸ்' என்று கூப்பிட்ட ரொட்டிக்காரனுக்கு வாசலில் பதில் சொன்னாள். சாயங்காலத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் அந்த வாரம்தான் கவனித்துப் பார்த்தேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, "கெளம்பு" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

கொமுட்டர் ரயிலில் போனோம். ஷா ஆலம் தாண்டும்போது அவள் ஜன்னலோரம் தூங்கினாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. குவாட்டர்ஸ் இருந்த பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள். நாடகம் போட்ட மண்டபம் இருந்த இடத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. "இங்கதான் அண்ணே மேடை" என்று இராஜம்மா ஒரு வெள்ளை வேனைக் காட்டினாள். அதன் பக்கத்தில், நான் கவுனோடு நுழையும் இடத்தில், சற்று நின்றுவிட்டு நடந்தோம். மாமரங்களில் ஒன்று மிஞ்சியிருந்தது. அல்லது அது வேறு மரமோ.

ஃபாதர் விமலனுக்கு என் பேரன் வயது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அங்கிள்" என்றார். ஜெயராஜ் முன்பே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் உட்காரவில்லை. அப்பா அன்றைக்கு நின்றுகொண்டுதான் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"அவள் என் தங்கை. அவன் என் அப்பாவின் தங்கை மகன்" என்றேன். என் குரல் மண்டபத்தில் பேசியது போல வெளிவந்தது, குறைத்துக்கொள்ளவில்லை. "உங்கள் சட்டப்படி இது தடை. எங்கள் வழக்கப்படி இது உரிமை. சாமி, ஒரு முறை உங்கள் சட்டத்தை வாங்கிக்கொண்டு போனோம். இந்த முறை எங்கள் உரிமையைக் கொடுங்கள்."

ஃபாதர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆயர்கிட்ட எழுதி அனுமதி வாங்கிடலாம் அங்கிள். பிரச்சினை இல்ல."

"இன்னொன்று. ஓலை வாசிக்க வேண்டும்."

"இப்பல்லாம் நோட்டீஸ் போர்டுல போட்டுடுவோம் அங்கிள்."

"போர்டில் வேண்டாம். பீடத்தில் நின்று, மூன்று ஞாயிறு, அப்பா அம்மா பெயரோடு. அத்தை மகன், மாமன் மகள் என்றும் சேர்த்து. புக்கிங் கிளார்க் வீட்டில் ஒளிந்து நடந்தது எதுவும் கிடையாது."

ஜெயராஜ் இருமினான். ஃபாதர் சம்மதித்தார்.

அனுமதி வந்தது. மூன்று ஞாயிறும் கிள்ளானிலிருந்து எல்லாரும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். முதல் வாரம் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் குவாட்டர்ஸ் காலத்துக் கிழவர் ஒருவர் வெளியே வந்து என் கையைப் பிடித்து, "ராணி நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் வாரம் ஃபாதர் நிதானமாக வாசித்தார். அப்பாவின் பெயர், அத்தையின் பெயர், இரண்டும் ஒரே மூச்சில் அந்தக் கோயிலில் ஒலித்தன. "இவர்கள் அத்தை மகன், மாமன் மகள் உறவுடையவர்கள். அதற்கு ஆயரின் அனுமதி பெறப்பட்டுள்ளது. வேறு தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்."

கோயில் அமைதியாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது: "அத்தை பையன்தானே? அதுக்கு எதுக்கு லா பெர்மிஷன்?"

நான் திரும்பவில்லை. பூசை நேரத்தில் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் பக்கத்தில் பெஞ்சு ஆடியது. ஜெயராஜ் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இராஜம்மா என்னைத் தாண்டிக் குனிந்து அவன் முழங்கையைத் தட்டினாள்.

"அத்தான், கோயில்ல சிரிக்காதீங்க."